வேலைக்குப் போய்க் காரை நிறுத்தினால் வரி!

கார் வாங்கினால் வரி உண்டு. காருக்குப் போடும் பெட்ரோலுக்கு வரி உண்டு. கடைத்தெருவில் காரை நிறுத்தினால் அதற்குக் கட்டணம் உண்டு. இவை எல்லாம் பல ஊர்களிலும் உள்ளவைதான். ஆனால், காலையில் வேலைக்குப் போய், ஆபீஸ் காம்பவுண்டுக்கு உள்ளே, முதலாளிக்குச் சொந்தமான நிலத்தில் காரை நிறுத்தி வைத்தால், அதற்கும் வரி உண்டா?

உண்டு!

இங்கிலாந்தில் உள்ள நாட்டிங்காம் நகரில், 2012-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் இந்த வரி வசூலாகிறது. பிரிட்டனில் முதன்முதலாக இந்த வரியைப் போட்ட நகரசபை அதுதான்.

நாட்டிங்காம் என்றதும் ராபின் ஹூட் கதை நினைவுக்கு வரும். அந்தக் கதையில் வரும் ஷெரீப், இந்த ஊர் அதிகாரிதான். ஏழைகளைக் கசக்கி வரி வாங்கிக் கஜானாவை நிரப்பியவன் ஷெரீப். இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தவன் ராபின் ஹூட். அந்த ஊரிலேயே புது வரி என்றால், யாருக்கும் ஒரு கேள்வி எழும். இந்த வரி ராபின் ஹூட் வழியில் போகிறதா? ஷெரீப் வழியில் போகிறதா?

இந்தக் கேள்விக்கு, "வரி கட்டு" என்று சட்டம் யாரிடம் சொல்கிறது என்பதைப் பார்த்தால் மட்டும் விடை கிடைக்காது. அந்தப் பணம் கடைசியில் யார் பையில் இருந்து போகிறது, அவருக்குப் பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

காலை நேர நெரிசல்

நாட்டிங்காம் மிகப் பெரிய நகரம் அல்ல. 2021-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, நகர எல்லைக்குள் இருப்பவர்கள் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேர். ஆனால் சுற்றிலும் உள்ள ஊர்களில் குடியிருந்துகொண்டு, தினமும் நகருக்குள் வந்து வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். இதனால் ரோடுகள் திணறின. காரில் வருகிறவர்கள் மட்டும் அல்ல, அந்தக் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பஸ்ஸில் வருகிறவர்களும் தாமதமாகவே வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இத்தனை பேர் ஏன் காரில் வருகிறார்கள்? பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, போய்ச் சேரும் இடத்தில் காரை நிறுத்தக் காசு இல்லாமல் இடம் கிடைப்பது.

காசு இல்லாமல் கிடைக்கும் இடம் உண்மையில் இனாமா? இல்லை என்கிறார்கள் பொருளாதார நிபுணர்கள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப் என்பவர் இதைப் பற்றியே 2005-ம் ஆண்டு ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நிலத்துக்கு விலை உண்டு. அதற்குத் தளம் போட வேண்டும். விளக்குப் போட வேண்டும். காவலுக்கு ஆள் வைக்க வேண்டும். இந்தச் செலவை எல்லாம் முதலாளி செய்கிறார். காரில் வருகிற ஊழியருக்கு இது கண்ணுக்குத் தெரியாத ஒரு படி. பஸ்ஸில் வருகிற ஊழியருக்கு அந்தப் படி கிடையாது. அவர் டிக்கெட்டுக்குத் தன் சம்பளத்தில் இருந்துதான் காசு கொடுக்கிறார்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1992-ம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சட்டம் செய்தது. வாடகைக்கு இடம் பிடித்து ஊழியர்களின் கார்களை இனாமாக நிறுத்த விடும் பெரிய முதலாளிகள், அந்த இடம் வேண்டாம் என்கிற ஊழியருக்கு அதற்கு ஈடான பணத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நாட்டிங்காம் வேறு வழியில் போயிற்று.

இரண்டு வழிகள்

போக்குவரத்து நெரிசலைக் குறைக்க நகரசபைகளே கட்டணம் போடலாம் என்று, 2000-ம் ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு போக்குவரத்துச் சட்டம் செய்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் உரிய அந்தச் சட்டம் இரண்டு வழிகளைக் காட்டியது.

ஒன்று, ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கட்டணம். லண்டன் நகரின் மையப் பகுதியில் 2003-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தொடங்கிய நெரிசல் கட்டணம் இந்த ரகம். அதற்காக, எல்லை நெடுகிலும் காமிராக்கள் வைத்து, உள்ளே வரும் வண்டிகளின் நம்பர்களைப் படம் பிடிக்க வேண்டி இருந்தது.

மற்றொன்று, வேலை செய்யும் இடத்தில் கார் நிறுத்த வரி. இதற்கு அவ்வளவு காமிராக்கள் தேவை இல்லை. கடைக்கு வருகிறவர்கள் மீதும், ஊரைக் கடந்து போகிறவர்கள் மீதும் இது விழாது. காலையும் மாலையும் வேலைக்கு வந்து போகிறவர்களின் கார்களை மட்டுமே குறி வைக்கும். நாட்டிங்காம் இதைத் தேர்ந்தெடுத்தது. 2008-ல் திட்டம் தயார் ஆனது. 2009-ல் மத்திய சர்க்கார் ஒப்புதல் கொடுத்தது. 2011-ம் ஆண்டு அக்டோபரில் லைசென்சு முறை வந்தது. 2012 ஏப்ரலில் வசூல் தொடங்கியது.

10-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசம்

வரியின் கணக்கு எளிமையானது. நகர எல்லைக்குள் ஊழியர்களின் கார்களுக்கு இடம் கொடுக்கும் ஒவ்வொரு முதலாளியும், ஒரே நேரத்தில் அதிகமாக எத்தனை கார் நிற்கும் என்று சொல்லி, நகரசபையிடம் லைசென்சு வாங்க வேண்டும். அந்த எண்ணிக்கை 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால், லைசென்சு மட்டும் போதும். பணம் கட்ட வேண்டியது இல்லை. 11 ஆகிவிட்டால் எல்லா இடத்துக்கும் வரி!

முதல் வருஷத்தில் ஓர் இடத்துக்கு 288 பவுன் வரி. அப்படியானால் 10 இடம் உள்ளவருக்கு ஒன்றும் இல்லை. 11 இடம் உள்ளவருக்கு 3,168 பவுன். ஒரே ஓர் இடத்தைக் கயிறு கட்டி மூடினால் 3,168 பவுன் மிச்சம் என்றால் யார்தான் மூட மாட்டார்கள்? வரி தொடங்குவதற்கு முன்பே பல நிறுவனங்கள் கார் நிறுத்தும் இடங்களைக் குறைத்துக்கொண்டன.

எல்லாக் கார்களுக்கும் வரி கிடையாது. வாடிக்கைக்காரர்களின் கார்கள், சரக்குக் கொண்டுவரும் வண்டிகள் ஆகியவை கணக்கில் சேராது. உடல் ஊனமுற்றவர்களுக்கு சர்க்கார் கொடுக்கும் நீல நிற அட்டை வைத்திருப்பவர்களின் கார்களுக்கு வரி இல்லை. நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை நடக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும், தீயணைப்பு போன்ற அவசர சேவைகளுக்கும் சலுகை உண்டு. பள்ளிக்கூடங்களுக்குப் பொதுவான விலக்கு கிடையாது. வரி போட்ட நகரசபையும் தன் ஊழியர்களின் கார்களுக்காகத் தானே வரி கட்ட வேண்டும்.

யார் தலையில்?

சட்டப்படி இந்த வரியைக் கட்ட வேண்டியவர் முதலாளி. ஊழியர் நகரசபைக்கு ஒரு காசு கூடக் கட்ட வேண்டியது இல்லை. ஆனால் முதலாளி அதைத் தானே சுமப்பதா, காரில் வரும் ஊழியரிடம் வாங்கிக்கொள்வதா என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே சட்டம் விட்டுவிட்டது.

இங்கேதான் சங்கதி இருக்கிறது.

சில முதலாளிகள் முழுத் தொகையையும் தாங்களே கட்டினார்கள். அங்கே வேலை செய்கிறவருக்கு வரி வந்ததே தெரியாது. அவர் எப்போதும் போலக் காரில் வருவார். சில முதலாளிகள் முழுத் தொகையையும் ஊழியர்களிடம் வாங்கினார்கள். இன்னும் சிலர் சம்பளத்துக்குத் தக்கபடி பிரித்தார்கள். மேல் அதிகாரிக்கு அதிகம், குமாஸ்தாவுக்குக் குறைவு என்று வைத்தார்கள்.

ஆகவே, ஒரே ஊரில், ஒரே ரோட்டில், ஒரே மாதிரிக் காரில் வந்து, ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவர் வரி கொடுப்பார், இன்னொருவர் கொடுக்க மாட்டார்!

288 பவுன் என்றால் மாதத்துக்கு 24 பவுன். இது முதல் வருஷத்துக் கணக்கு. விலைவாசியோடு வரியும் ஏறியது. 2023-24-ம் ஆண்டில் அது 522 பவுன் ஆயிற்று. மாதத்துக்கு 43 பவுன் 50 பென்ஸ். கம்பெனி டைரக்டருக்கு இது பெரிய தொகை அல்ல. குறைந்த சம்பளத்தில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு அப்படி அல்ல. ஆனால் நகரசபையின் ரேட்டு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சம்பளத்தைப் பார்த்துக் குறைப்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது.

பணம் எங்கே போகிறது?

வரி வாங்குகிற எந்த சர்க்காரும் "நல்ல காரியத்துக்குத்தான்" என்று சொல்லும். ஜனங்கள் நம்புவது இல்லை. நாட்டிங்காமில் அதை நம்ப ஓர் ஆதாரம் இருந்தது. அது, தெருவில் ஓடும் டிராம் வண்டி!

நாட்டிங்காமில் பழைய காலத்து டிராம் 1936-ம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. 68 ஆண்டுகளுக்குப் பிறகு, 2004-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதிய டிராம் வந்தது. வடக்கே ஹக்நால் என்ற ஊர் வரை சுமார் 14 கிலோ மீட்டர் தூரத்துக்கு அது ஓடியது. அடுத்ததாக, தெற்கே கிளிப்டன் பக்கம் ஒரு பாதை, தென்மேற்கே பீஸ்டன், சில்வெல் பக்கம் ஒரு பாதை என்று இரண்டு பாதைகள் போடத் திட்டமிட்டார்கள். இரண்டும் சேர்ந்து 17½ கிலோ மீட்டர். செலவில் பெரும் பங்கை மத்திய சர்க்கார் ஏற்க முன்வந்தது. மீதியை ஊர்தான் தேட வேண்டும். அந்த மீதிக்காகத்தான் கார் வரி.

புதிய பாதை ஒன்று பெரிய ஆஸ்பத்திரி வழியாகவும், பல்கலைக்கழகம் வழியாகவும் போகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் இடங்கள் அவை. பாதைகளின் முனையில், காரை நிறுத்திவிட்டு டிராமில் ஏறுவதற்கு விஸ்தாரமான இடங்கள் அமைத்தார்கள். நகரின் ரெயில் நிலையம் புதுப்பிக்கப்பட்டதிலும் வரிப் பணத்துக்குப் பங்கு உண்டு. அந்த நிலையத்துக்கு மேலேயே பாலம் கட்டி டிராமை ஓட விட்டார்கள். டிராம் போகாத இடங்களுக்கு விட்ட பஸ்களுக்கும் இந்தப் பணம் உதவியது.

இந்தப் பணத்தை வேறு செலவுக்கு எடுக்க முடியாது. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரிந்தது. 2023-ம் ஆண்டு நவம்பரில், வருஷ வரவு செலவைச் சரிக்கட்ட வழி இல்லை என்று நாட்டிங்காம் நகரசபை பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. பல சேவைகளுக்கு வெட்டு விழுந்தது. அப்போதும் கார் வரிப் பணம் போக்குவரத்துக்கு என்று கட்டப்பட்ட பணமாகவே இருந்தது. "என்னிடம் வாங்கியது எங்கே?" என்று கேட்டால், தண்டவாளத்தைக் காட்ட முடிந்தது.

தழும்புகள்

இவ்வளவு சொன்னதால் எல்லோரும் சந்தோஷமாக வரி கொடுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் குறை, காலம். வரி 2012-ல் தொடங்கியது. புதிய டிராம் பாதைகள் திறந்தது 2015-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி. மூன்று ஆண்டுகளுக்கு மேல், ஊழியர்கள் வராத வண்டிக்குப் பணம் கொடுத்தார்கள்! அது மட்டுமா? அந்த மூன்று ஆண்டும் தண்டவாளம் போடத் தெருக்களைத் தோண்டினார்கள். நெரிசலைக் குறைக்க வரி கொடுத்தவர்கள் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பீஸ்டனில் கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினார்கள்.

இரண்டாவது குறை, பக்கத்துத் தெரு. ஆபீஸில் காரை நிறுத்தினால் பணம். நாலு தெரு தள்ளி, யார் வீட்டு வாசலிலோ நிறுத்தினால் காசு இல்லை. சிலர் அதைத்தான் செய்தார்கள். குடியிருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? தெருவாசிகளுக்கு மட்டும் அனுமதி என்று பல தெருக்களில் பெர்மிட்டு முறை கொண்டுவர வேண்டியதாயிற்று.

மூன்றாவது குறைதான் பெரியது. நேரமும் தூரமும். டிராம் இரவு முழுவதும் ஓடும் வண்டி அல்ல. நடுநிசி தாண்டி ஷிப்டு முடிந்து வருகிறவர் என்ன செய்வார்? குழந்தையை ஓர் இடத்தில் விட்டுவிட்டு, எட்டு மைல் தள்ளி வேலைக்கு ஓடும் தாய் என்ன செய்வாள்? தண்டவாளத்துக்கும் பஸ் பாதைக்கும் எட்டாத கிராமத்தில் இருந்து வருகிறவர் என்ன செய்வார்? இவர்களுக்குக் கார் ஒரு சௌகரியம் அல்ல. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் சாதனம். நடு இரவில் காலியாகக் கிடக்கும் ரோட்டில் வருகிறவரால் நெரிசலும் இல்லை. ஆனாலும் அவருக்கு அதே வரி.

இரண்டு ஷிப்டுக்காரர்கள் ஒரே இடத்தை மாறி மாறி உபயோகித்தால், அது ஓர் இடம் என்றுதான் கணக்கு. முதலாளி நினைத்தால் சுமையை இரண்டாகப் பிரிக்கலாம். இதுவும் முதலாளி நினைத்தால்தான்!

பயந்தது நடந்ததா?

வரி வருவதற்கு முன் வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். நிறுவனங்கள் ஊரை விட்டே போய்விடும், வேலை போய்விடும் என்றார்கள். அப்படிக் கூட்டம் கூட்டமாக யாரும் வெளியேறிவிடவில்லை.

நெரிசல் குறைந்ததா? லாப்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்தார்கள். வரியால் பலன் உண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் ஊரில் வேலைவாய்ப்பு பெருகுவது, தெருக்களில் வேலை நடப்பது போன்ற காரணங்கள் நெரிசலை மறுபுறம் கூட்டுவதால், வரியின் பலன் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்றும் சொன்னார்கள். அதாவது, வரி வந்ததும் ரோடு காலியாகிவிடவில்லை. வரி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகி இருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பணத்தை எப்படி வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து ஊழியரின் மனம் மாறும். வருஷம் பூராவுக்கும் மொத்தமாகச் சம்பளத்தில் பிடித்துவிட்டால், "கொடுத்தது கொடுத்தாயிற்று" என்று அவர் தினமும் காரிலேயே வருவார். வந்த நாளுக்கு மட்டும் பணம் என்றால், வானம் வெளுத்திருக்கும் நாளில் சைக்கிளை எடுப்பார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்து வேலை செய்கிறவருக்கு அந்த இரண்டு நாளும் மிச்சம். 2020-ம் ஆண்டு கொரோனா நோய் வந்து, வீட்டில் இருந்து வேலை செய்வது பெருகிய பிறகு, இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிவிட்டது.

பின்பற்றினார்களா?

நாட்டிங்காமுக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் இது போன்ற வரிகள் வந்துவிட்டன. சிட்னியில் 1992-லும், பெர்த்தில் 1999-லும், மெல்போர்னில் 2006-லும் கார் நிறுத்தும் இடங்களுக்கு வரி வந்தது. அங்கே வரி போட்டவை நகரசபைகள் அல்ல, மாநில சர்க்கார்கள். பெர்த் நகரில் இந்தப் பணத்தைக் கொண்டு, நகரின் நடுப்பகுதியில் டிக்கெட்டே இல்லாத பஸ்களை விட்டார்கள். வரி கொடுத்தவர் கண் முன்னாலேயே பஸ் ஓடியது.

பிரிட்டனில் மற்ற ஊர்கள் தயங்கின. நாட்டிங்காமுக்குப் பக்கத்தில் உள்ள லெஸ்டர் நகரம் ஓர் இடத்துக்கு 550 பவுன் வரை போடலாமா என்று ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. விலைவாசி ஏறிக் குடும்பங்கள் திண்டாடிய 2022-ம் ஆண்டில் அந்த யோசனையைக் கைவிட்டது. ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு 2019-ல் நகரசபைகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அதிகாரம் கையில் வந்தும், வரி போட அங்கே யாரும் அவசரப்படவில்லை. சம்பளத்தில் இருந்து பிடிக்கப்படும் பணம் ஒவ்வொரு மாதமும் தெரியும். நாளைக்கு வரப்போகும் டிராம் இன்றைக்குத் தெரியாது. ஓட்டுக் கேட்டு நிற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ராபின் ஹூட்டா, ஷெரீப்பா?

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்து, வீட்டு வாசலுக்கு அருகில் டிராம் ஏறுகிறவருக்கு இது ராபின் ஹூட் வரி. காரில் வரும் அதிகாரி கொடுத்த பணத்தில் அவருக்கு வண்டி வந்திருக்கிறது. கார் வாங்க வசதியே இல்லாதவர், இந்த வரியில் ஒரு காசு கூடக் கொடுக்காமல் அதே டிராமில் ஏறுகிறார்.

நடு இரவில் ஷிப்டு முடிந்து, பஸ் இல்லாத ஊருக்குத் திரும்புகிறவருக்கு இது ஷெரீப் வரி. அவர் கொடுத்த பணத்தில் ஓடும் வண்டி அவர் ஊருக்கு வருவது இல்லை.

ஒரே வரிதான். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வரித் தொகை தீர்மானிக்கவில்லை. மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. காரை விட்டுவிட்டு வர வேறு வழி இருக்கிறதா? வாங்கிய பணம் அந்த வழியைப் போடுவதற்கே போகிறதா? முதலாளி அதை ஊழியர்களிடம் பிரித்து வாங்கும்போது, குறைந்த சம்பளக்காரரை நினைத்துப் பார்க்கிறாரா?

முதல் இரண்டையும் நாட்டிங்காம் நகரசபை பெருமளவுக்குச் செய்து காட்டியது. மூன்றாவதை முதலாளிகளின் மனசாட்சிக்கு விட்டுவிட்டது. இனி இந்த வரியைப் போட நினைக்கும் ஊர், முதலில் வண்டியை விடட்டும், பிறகு வரியைக் கேட்கட்டும். முதல் வண்டி புறப்படும் நேரத்தையும் கடைசி வண்டி திரும்பும் நேரத்தையும் குறிக்கும்போது, இரவு ஷிப்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.